நாற்பத்திரண்டாவது முகம்

உக்காருங்கண்ணே. அந்தச் சேர் வேணாம், ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆகும், லைன்ல வேலை பாக்குறாங்களாம். உங்க பேனர் பாதி வெளிய வந்து நிக்குது பாருங்க. பாப்பாவுக்குக் காது வரைக்கும் வந்துருச்சு, வாய் இன்னும் வரல. காதுகுத்துக்குக் காது வந்தாப் போதும்தானே. சும்மா சொன்னேன், கோச்சுக்காதீங்க.

நீங்க குடுத்த பென் டிரைவைப் பாத்தேன். முப்பத்தாறு போட்டோ. தாய்மாமன் பெருசா, மச்சான்மாரு அதுக்கடுத்து, மூணாவது வரிசை மூலையில உங்க அண்ணன். பேச்சுவார்த்தையே இல்லாத அண்ணனை எதுக்கு மூலையில போடுறீங்கன்னு கேட்டேன், ஊரு பாக்கணும்னு சொன்னீங்க. சரி. ஆனா யாரு எந்த மூலைங்கிறதுல மட்டும் அவசரப்படாதீங்க. போட்டோ வரிசையால ஒரு நாடே ரெண்டாப் போனதைப் பாத்துட்டு வந்தவன் நான்.

சிரிக்கிறீங்க. பரவால்ல, எல்லாரும் சிரிப்பாங்க. என் வீட்டுக்காரியே சிரிப்பா.

அரபு நாடுண்ணே. பேரு வேணாம். சொன்னா நீங்க உடனே போன்ல தேடுவீங்க, அதுல வேற என்னென்னமோ காரணம் போட்டிருப்பான். வறட்சிம்பான், ரொட்டி கிடைக்கலைம்பான், முப்பது வருஷமா ஒரே ஆளு நாற்காலிய விடலைம்பான். படிச்சவங்க எழுதுறது. அவங்க யாரும் அங்க பேனர் அடிக்கல. நான் அடிச்சேன்.

நான் போய் இறங்குனது தலைநகரமெல்லாம் இல்ல, நம்ம திருமங்கலம் அளவுக்கு ஒரு ஊரு. பிரிண்டிங் கடை. ஓனர் அபு சலீம். அங்க மூத்த மகன் பேரைச் சொல்லித்தான் அப்பனைக் கூப்பிடுவாங்க, சலீமோட அப்பா, அபு சலீம். அவரு சம்சாரம் உம்மு சலீம், சலீமோட அம்மா. என் பேரு தவமணின்னு சொன்னேன், அவரு வாயில நுழையல, தாவூதுன்னுட்டாரு. அஞ்சு வருஷம் நான் தாவூதுதான். நல்ல மனுஷன். வெடுக்குன்னு ஒரு வார்த்தை பேசமாட்டாரு. பேசுறதே கம்மி. யாராவது வாசல்ல பூட்ஸ் கால் சத்தத்தோட வந்தா டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நிப்பாரு, அம்புட்டுப் பயம்.

கடையில என்ன வேலைங்கிறீங்க? ஒரே வேலைதான். ரயீஸ் படம் அடிக்கிறது. ரயீஸ்னா அதிபர். ஒவ்வொரு கடையிலயும் படம் இருக்கணும், ஸ்கூல்ல இருக்கணும், ஆட்டுச் சந்தையில கூட ஒண்ணு தொங்கும். தலைநகரத்துல இருந்து ஃபைல் வரும். அதுல எதையும் தொடக்கூடாது, ஒண்ணே ஒண்ணைத் தவிர. வருஷா வருஷம் மீசையிலயும் கிருதாவுலயும் கறுப்பு ஏத்தணும். அவருக்கு வயசு எழுபத்தொண்ணு, படத்துல நாப்பத்தி ரெண்டுல நின்னு போச்சு. அந்த வேலையை என்கிட்டதான் குடுப்பாங்க. நம்ம ஊர்ல எத்தனை தலைவருக்கு ஏத்தியிருக்கேன், கை பழக்கம்.

ஆனா எனக்கு ஒரு குறை இருந்துச்சுண்ணே. அந்த ஆளு ஒத்தையா நிக்கிறாரு. அறுபது அடி பேனர்ல ஒரே ஒரு ஆளு, சுத்திலும் நீல வானம். கீழ ஒரு வட்டச் செயலாளர் உண்டா, கை கூப்பிக்கிட்டு நிக்கிற ஒரு ஆளு உண்டா, போன்ல பேசுற மாதிரி ஒரு போஸ் உண்டா? ஒண்ணும் கிடையாது. துக்க வீட்டு பேனர் மாதிரி இருக்கும். நான் ஒருநாள் அபு சலீம்கிட்ட சொன்னேன், முதலாளி, எங்க ஊர்ல தலைவருக்குக் கீழ உள்ளூர் ஆளுங்க படத்தைப் போடுவோம், பாக்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும்னு. அவரு எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்திட்டு வந்தாரு. தாவூது, இதை நீ சொல்லல, நான் கேக்கலைன்னாரு. அவ்வளவுதான் அன்னைக்குப் பேச்சு.

இன்னொண்ணு சொல்லணும். அவரு தன்னைப் படம் எடுக்கவே விடமாட்டாரு. கடையில கேமரா, ஸ்கேனர் எல்லாம் கிடக்கும், ஊருக்கே பாஸ்போர்ட் படம் அவருதான் எடுப்பாரு, அவரு படம் ஒண்ணு கிடையாது. கல்யாணத்துல எடுத்ததைக் கூட எரிச்சிட்டாராம். ஏன்னு உம்மு சலீம்தான் சொன்னாங்க. இவரு சின்ன வயசுல இவரு அண்ணனை அரசாங்க ஆளுங்க கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஏதோ ஒரு கூட்டத்துப் போட்டோவுல ஓரமா நின்னாராம், பட்டாணி அளவு முகம். அதை வச்சு ஆள் பிடிச்சுப் போனவங்க திருப்பி அனுப்பல. எனக்கு அப்ப அது கொஞ்சம் அதிகப்படியாத்தான் தெரிஞ்சுது. ஒரு போட்டோவுக்கு இவ்வளவா?

அந்த வருஷம் மழை இல்ல. மூணாவது வருஷமா இல்ல. கிழக்க இருந்து விவசாயம் பண்ணுற சனம் மூட்டை முடிச்சோட வந்து ஊர் ஓரத்துல கூடாரம் அடிச்சுது, ஐந்நூறு குடும்பம் இருக்கும். மேல போட ஒண்ணும் இல்ல. அபு சலீம் பழைய பேனரெல்லாம் தூக்கிக் குடுத்துட்டாரு. நம்ம ஊர்ல கூரைக்குப் போடுறோமே, அதேதான். ஆனா பேனர் பூராவும் ரயீஸ். ரயீஸ் முகம் வெயில்ல வெளுக்கலாமா, காக்கா எச்சம் போடலாமான்னு அரசாங்க ஆபீஸ்ல இருந்து வந்து சத்தம் போட்டாங்க. நான்தான் யோசனை சொன்னேன், முகத்தை உள்பக்கம் பாத்துப் போட்டுரலாம்னு. அப்படியே போட்டாங்க. ஐந்நூறு கூடாரத்துலயும் ரயீஸ் மல்லாக்கப் படுத்தவங்களைக் குனிஞ்சு பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருப்பாரு. அருமையான யோசனைன்னு பெரிய ஆபீஸரே பாராட்டுனாரு.

அப்புறம் உள்ள அடுப்பு பத்தவச்சு, புகை ஏறி, ஒரு கூடாரத்துல ரயீஸ் தாடையில கரி பிடிச்சிருச்சு. கலஃப்னு ஒரு ஆளு, அவரு கூடாரம். கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தாளு சம்சாரமும் சொந்தக்காரங்களும் தினமும் காலையில ஆபீஸ் வாசல்ல வந்து உக்காருவாங்க. கத்தமாட்டாங்க, கோஷம் போடமாட்டாங்க, சும்மா உக்காந்திருப்பாங்க. முதல்ல பத்துப் பேரு, அப்புறம் அம்பது, அப்புறம் இருநூறு. ரெண்டு மாசம் உக்காந்தாங்க. அது கிடக்கட்டும், அதுக்கும் நம்ம கதைக்கும் சம்பந்தம் இல்ல. போட்டோ வரிசைக்கு வர்றேன்.

பெரிய ஆபீஸர்னேனே, அவரு பேரு முன்திர். அந்த ஊருக்கே அவருதான் எல்லாம். ரயீஸ் பொறந்தநாள் வருது, ஆபீஸ் மேல அறுபது அடியில பேனர் வேணும்னு கடைக்கு வந்தாரு. அபு சலீம் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தாரு. நான் தனியா. இப்பிடியும் அடிக்கலாம்யான்னு, நம்ம ஊர் பேனர் நாலஞ்சு என் போன்ல இருந்துச்சு, காட்டுனேன். மனுஷன் போனை வாங்கி ஒவ்வொரு முகமாப் பெருசாக்கிப் பாக்குறாரு. இவங்கள்லாம் யாருன்னாரு. இவங்கதான் அந்தத் தலைவரைத் தாங்குறவங்கன்னேன். போனைத் திருப்பிக் குடுக்கல. அப்புறம் மெதுவா, முதல் படம் யாருதுன்னு கேட்டாரு. உங்களோடதுதான்யா, வேற யாருதுன்னேன். முடிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலமே லிஸ்ட் வந்துருச்சு.

அந்த லிஸ்டுக்கு நடந்த கூத்தைச் சொன்னா நம்பமாட்டீங்க. ஊர்ல ரெண்டு பெரிய வகையறா. தண்ணித்தொட்டிப் பக்கம் ஒண்ணு, சந்தைப் பக்கம் ஒண்ணு. எத்தனையோ காலமா பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்து ஒண்ணா இருந்தவங்க. தொட்டிக்காரங்களுக்கு இருபத்தொரு படம்னா எங்களுக்கு ஏன் பத்தொம்போதுன்னு சந்தைக்காரங்க. அவங்க ஷேக்கு தொப்பி எங்க ஷேக்கு தொப்பியை விட ரெண்டு இஞ்ச் உசரமா இருக்குன்னு இன்னொரு பஞ்சாயத்து. நான் தொப்பிய வெட்டிச் சமமாக்குனேன். சமமாக்குனது ஏன்னு தொட்டிக்காரங்க வந்தாங்க. ஒருத்தர் மீசையை எடுத்த மறுநாள் புதுப் படம் கொண்டாந்தாரு. எனக்கு ஊரு ஞாபகம் வந்து கண்ணே கலங்கிருச்சுண்ணே. பாஷை தெரியாத தேசத்துல நம்ம ஆளுங்க மாதிரியே மனுஷங்க.

கடைசியில நாப்பத்தோரு பேரு. ரெண்டு வரிசை, வரிசைக்கு இருபத்தொண்ணு. அப்ப மேல் வரிசைக் கடைசியில ஒரு கட்டம் காலி. உங்களுக்குத் தெரியாது, டிசைன் பண்ணுறவனுக்குக் காலிக் கட்டம்னா கண்ணுல தூசி விழுந்த மாதிரி. அங்க ஒரு பூ வச்சுப் பாத்தேன், ஒரு புறா வச்சுப் பாத்தேன், நல்லால்ல. நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? பேனர் அடிச்ச கடைக்காரர் படத்தை ஓரமா வைப்போம், ஒரு அன்புல. அபு சலீம் படம் என் போன்ல ஒண்ணு இருந்துச்சு. எப்பிடின்னா, ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு, சலீம் வெளிநாட்டுல இருந்து போன் பேசுனான்னு சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. அந்தாளு சிரிச்சு நான் பாத்ததே அன்னைக்குத்தான். அவருக்குத் தெரியாம எடுத்து வச்சிருந்தேன். அதை எடுத்துக் காலிக் கட்டத்துல வச்சேன். அப்படிப் பொருந்துச்சுண்ணே. காய்ச்சல் விட்டு வந்து பாத்தா சந்தோஷப்படுவாருன்னு நினைச்சேன், சத்தியமா.

இப்பத்தான் முக்கியமான விஷயம். தலைநகரத்து ஃபைல்ல ரயீஸ் வலது ஓரத்துல நிப்பாரு, ஒரு கையை முன்னால நீட்டி. அதைத் தொடக்கூடாது. நான் நம்ம வழக்கப்படி இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன். முதல்ல முன்திர், அப்புறம் ஷேக்குமாரு, அப்படியே வரிசையா. அவங்க எழுத்து வலது பக்கத்துல இருந்து போகும்னு எனக்குத் தெரியாதா என்ன, எழுத்து வேலையெல்லாம் அபு சலீம் பாப்பாரு, படம் நான் பாப்பேன். எழுத்து வலமிருந்து வந்தா மனுஷனும் வலமிருந்தா வரணும்? யாரு கண்டா? பேனரைப் பத்துப் பத்து அடியாத்தான் அடிச்சு ஒட்டுவோம். மொத்தமா யாரும் பாக்கல. ஆபீஸ் மேல கட்டி இறக்குனப்பத்தான் ஊரே பாத்துச்சு.

அவங்க கண்ணு வலது பக்கத்துல இருந்துதான் போகும். முதல்ல ரயீஸ். ரயீஸுக்குப் பக்கத்துல, அவரு நீட்டின கை சரியாத் தலைக்கு மேல, ஆசீர்வாதம் பண்ணுற மாதிரி, சிரிச்சிக்கிட்டு அபு சலீம். முன்திர் அந்தக் கோடியில, வரிசைக்கு வாலா, சாக்கடைப் பக்கம்.

தொட்டிக்காரங்க சந்தைக்காரங்களைப் பாக்குறாங்க. அபு சலீம் சந்தைப் பக்கத்து ஆளு. அப்ப இத்தனை நாளா இந்த ஆளுதான் தலைநகரத்துக்கு வேண்டியவனா, நம்மளைப் பத்தி எழுதிப் போட்டதெல்லாம் இவன்தானான்னு ஒரு பேச்சு. சந்தைக்காரங்களுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். முன்திருக்கு மூஞ்சியே இல்ல. ஒண்ணு இவன் நம்மளுக்கு மேல உள்ள ஆளு, இல்லாட்டி நம்மளைக் கேலி பண்ணுறான். ரெண்டுல எதுன்னு தெரியாம அவரு மூணு நாள் அபு சலீம் வீட்டுக்குப் பழக்கூடை அனுப்புனாரு. தலைநகரத்துல கேட்டு, அப்படி ஒரு ஆளு இல்லைன்னு பதில் வந்ததும் நாலாவது நாள் கடைக்கு ஜீப் அனுப்புனாரு.

காய்ச்சல் விட்டு அன்னைக்குத்தான் அபு சலீம் கடைக்கு வந்திருந்தாரு, நானும் அவரும் இருந்தோம். அவரு டீ கிளாஸைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சு நின்னாரு. வந்தவன் கேட்டான், இந்தப் படத்தை யாரு எடுத்தது, யாரு குடுத்ததுன்னு. என்னைத்தான் பாத்துக் கேட்டான். நான் வெளிநாட்டான், என் பாஸ்போர்ட் அவங்க ஆபீஸ்ல இருக்கு, ஊர்ல எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அவரேதான் குடுத்தாருன்னு சொன்னேன். அவரு என்னைப் பாத்தாரு. ஒரு வார்த்தை மறுக்கல. ஆமா, நான்தான் குடுத்தேன்னாரு. செருப்பைச் சரியா மாட்டிக்கிட்டு அவரே போயி ஜீப்ல ஏறுனாரு.

என் மேல தப்பு இல்லைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஒருத்தர் கூட என்னைக் குத்தம் சொல்லல.

ஒரு வாரம் ஆளு வரல. சந்தைக்காரங்க கடையெல்லாம் அடைச்சுட்டு ஆபீஸ் வாசலுக்குப் போனாங்க. அங்க ஏற்கெனவே அந்தக் கூடாரத்துச் சனம் உக்காந்திருக்கு. இத்தனை நாளா இவங்க அவங்களைத் திரும்பிப் பாத்ததில்ல. அன்னைக்குப் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க, தண்ணி பாட்டிலை மாத்தி மாத்திக் குடிச்சாங்க. மேல நான் அடிச்ச பேனர், ரயீஸ் முகத்தை இறக்க யாருக்கும் தைரியம் இல்லாம அப்படியே தொங்குது. வாசல்ல காவலுக்கு நின்ன ஒருத்தன் பயந்து போயி வானத்தைப் பாத்துச் சுட்டான். வானத்துல எங்க? குண்டு பேனர்ல பாஞ்சு, ரயீஸ் மூக்குல ஓட்டை.

யோசிச்சுப் பாருங்கண்ணே அவன் நிலைமைய. ரயீஸ் மூக்குல சுட்டது இவன்னு தெரிஞ்சா அவன் வம்சமே இருக்காது. கூட்டத்துல இருந்துதான் சுட்டாங்கன்னு கத்திட்டான். மத்தவனெல்லாம் துப்பாக்கியக் கூட்டத்தைப் பாத்துத் திருப்புனான். கீழ உக்காந்திருந்த கூட்டத்துல பதினோரு பேரு. அதுல கலஃப் சம்சாரமும் ஒண்ணு. மறுநாள் அடக்கத்துக்குப் பத்தாயிரம் பேரு வந்தாங்க, அங்கயும் சுட்டாங்க. தொட்டிப் பக்கத்துப் பசங்க பட்டாளத்துல நிறைய, சந்தைப் பக்கம் செத்தது நிறைய. அதோட ரெண்டு பக்கமும் பொண்ணு கொடுக்கல் வாங்கல் நின்னுது, அப்புறம் சுவரு எழும்புச்சு, அப்புறம் பக்கத்து ஊரு, அப்புறம் பெரிய பட்டணம். வறட்சியாம் ரொட்டியாம். அத்தனையும் ஒரு இடம் வலம் மாறுனதுல வந்தது. டிவிக்காரன் ஒருத்தன் என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? கூடாரத்துச் சனமா? அதான் சொன்னேனே, அவங்க முன்னாடியே உக்காந்திருந்தாங்க, சும்மா.

அடக்கத்துக்கு முந்துன நாளு உம்மு சலீம் கடைக்கு வந்தாங்க. ஊர்வலத்துல தூக்கிட்டுப் போக அபு சலீம் படம் வேணும்னு. அவங்ககிட்ட ஏது படம்? உலகத்துலயே இருக்குறது என் போன்ல இருக்குற ஒண்ணுதான். அடிச்சுக் குடுத்தேன். பக்கத்துல யாரும் வேணாம், அவரு மட்டும்னு சொன்னாங்க. சுத்திலும் வெள்ளையா விட்டேன். அதுதான்ணே அந்த ஊர்ல ரயீஸ் இல்லாம நான் அடிச்ச முதல் பேனர். அடுத்த வாரம் நம்ம எம்பஸி பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

அபு சலீம் என்ன ஆனாருன்னா... தெரியலண்ணே. உயிரோட இருக்காருன்னு ஒருத்தன் சொன்னான், வேற ஜெயிலுக்கு மாத்துனதாச் சொன்னான். அவ்வளவுதான் தெரியும். உம்மு சலீம் எல்லை தாண்டி ஒரு முகாம்ல இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போன்ல குரல் அனுப்புவாங்க. எப்பவாவது ஜெயில் கதவு திறந்து ஆளுங்க வெளிய வந்தா, பஸ் நிக்கிற இடத்துல அவரு படத்தைக் கையில வச்சிக்கிட்டு இவங்க நிப்பாங்களாம், இந்தாளைப் பாத்தீங்களான்னு. ஆனா படத்துல இருக்குறது பழைய முகம். இப்ப அவருக்கு வயசாகியிருக்குமே, யாருக்கு அடையாளம் தெரியும்? அதனால, தம்பி தாவூது, ஒரு வருஷம் கூட்டித் தாம்பாங்க.

நானும் கூட்டித் தர்றேன். தாடியில கொஞ்சம் வெள்ளை ஏத்துவேன், கன்னத்தைக் கொஞ்சம் உள்ள இழுப்பேன், கண்ணுக்குக் கீழ ஒரு கோடு. ரயீஸுக்குக் கறுப்பு ஏத்துன அதே கைதான். பன்னெண்டு படம் ஆச்சு. எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, வருஷ வாரியா. சிரிப்பை மட்டும் என்ன பண்ணுறதுன்னு தெரியல. அவ்வளவு வயசுல, அந்த இடத்துல இருந்துக்கிட்டு, ஒருத்தர் அப்படிச் சிரிப்பாரா? மூடிரலாம்னு ரெண்டு தடவை பாத்தேன், வாயை மூடுனா ஆளே அவரா இல்ல. அப்படியே விட்டுட்டேன்.

ஒவ்வொரு தடவையும் அந்தம்மா நன்றி சொல்லுவாங்கண்ணே. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என்னை ஒரு படம் எடுக்க விடல, உன்னை நம்பித் தன் முகத்தைக் குடுத்தாரு பாரு, நீ நல்லா இருக்கணும், உன் புள்ளைங்க நல்லா இருக்கணும்பாங்க. நான் ஆமீன்னு சொல்லுவேன். வேற என்ன சொல்ல?

வந்துருச்சு பாருங்க கரண்ட். ஒரு மணி நேரம்னான், அதுக்குள்ள வந்துருச்சு. மிஷின் சூடாக ரெண்டு நிமிஷம் ஆகும். பாப்பா வாய் இப்ப வந்துரும்.

அண்ணே, இருங்க. மூணாவது வரிசை மூலையில உங்க அண்ணன் படம், ஏதோ ஓட்டல்ல டீ குடிக்கிற மாதிரி இருக்கே, கேமராவைப் பாக்காம. இதை அவரா குடுத்தாரா, நீங்களா எடுத்தீங்களா?